அசையாத பிள்ளைகள்

ஜூன் 9, திங்கள்

மனோன்மணி மேடத்திடம் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லோரும் களக்குறிப்பு எழுத வேண்டும். அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே எழுதாவிட்டால் மறந்துபோன இடத்தையெல்லாம் நாமே இட்டுக்கட்டி நிரப்பிக்கொள்வோம் என்பது அவருடைய பயம். நானும் எழுதினேன். பாதிப் பக்கம் ஆய்வு, மீதிப் பக்கம் மாவு புளித்த கதை என்று இருந்ததைப் பார்த்து மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதனால் இரண்டாகப் பிரித்துவிட்டேன். அது மேடத்துக்கு. இது எனக்கு.

இன்று கபிலனைத் தளிர்வனம் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்தாயிற்று. போன வருடம் போட்டிருந்த இடத்தில் பையன் மண்ணும் சளியுமாகத்தான் வீட்டுக்கு வருவான். சுவரில் கிறுக்குவான், சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டே தெருவரை ஓடுவான். நான்கு வயதுப் பிள்ளைகளின் சுயகட்டுப்பாட்டைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கப் போகிறவள் வீட்டில் இப்படி ஒரு குரங்கு. தினகர் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. வீட்டிலும் அதையேதான் பார்ப்பார்.

தளிர்வனத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. கோவையில் ஆறு பள்ளிகளில் சோதனை செய்திருக்கிறேன். மேசைமேல் ஒரு அட்டைப் பெட்டி, அதன்மேல் நீலத்துணி. உள்ளே சாவி கொடுத்தால் தாளம் தட்டும் பொம்மைக் குரங்கு. பிள்ளைக்குச் சத்தத்தை மட்டும் கேட்கவைத்துவிட்டு, "அக்கா வெளிய போயிட்டு வர்றேன், அதுவரைக்கும் துணியத் தூக்கிப் பாக்கக் கூடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவேன். மூலையில் ஸ்டாண்டில் கேமரா ஓடும். எட்டு நிமிடம்.

எட்டு நிமிடம் பொறுக்கிற பிள்ளையை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூக்கால் துணியைத் தூக்கினான். ஒருத்தி மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு குரங்கிடம் பேரம் பேசினாள். தளிர்வனத்துப் பிள்ளைகள் மட்டும் ஒருவர்கூடத் தொடவில்லை. அங்கே தினமும் "மௌன நேரம்" என்று ஒரு பழக்கம் உண்டு. வகுப்பே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அந்தப் பழக்கம்தான் என் ஆய்வேட்டின் முதுகெலும்பு.

இப்படி ஒரு பள்ளியைக் கண்டுபிடித்துவிட்டுச் சொந்தப் பிள்ளையை வேறெங்கோ போடுவேனா?

ஜூன் 13, வெள்ளி

யாஸ்மினோடு உட்கார்ந்து தளிர்வனம் வீடியோக்களுக்கு மதிப்பெண் போட்டு முடித்தேன். அவளும் மேடத்தின் மாணவிதான். எனக்கு அடுத்த மேசை. ஒரே வீடியோவை இருவர் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. தொட்டது, தூக்கியது, எட்டிப் பார்த்தது என்று மூன்று கட்டம். நாங்கள் அப்படியே ஒத்துப்போனோம். எல்லாம் பூஜ்யமாக இருந்தால் சண்டை போட என்ன இருக்கிறது!

"போர் அடிக்குதுடி சுகி. ஃபோட்டோ பாக்குற மாதிரி இருக்கு" என்றாள் யாஸ்மின்.

"நல்ல பிள்ளைங்கன்னா உனக்கு ஆகாதே."

"நல்ல பிள்ளைன்னா குரங்கப் பாக்கணும்ல? பெட்டிய ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல. எல்லாம் கேமராவையே பாக்குது."

அதற்குக் கட்டம் இல்லை என்றேன். கவனத்தை வேறு பக்கம் திருப்பி ஆசையை அடக்குவது நல்ல உத்தி, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. யாஸ்மின் எதையும் சந்தேகப்படுவாள், டீ கொண்டுவருகிற அண்ணன் உட்பட.

சாயங்காலம் பள்ளி வாசலில் கபிலனின் வகுப்பு ஆசிரியை சியாமளா மிஸ்ஸைப் பார்த்தேன். எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டும் அவரிடம் ஒரே அறையில்தான். மென்மையான குரல். கிட்டே போனால்தான் காதில் விழும். "பையன் பழகிட்டு இருக்கானுங்க மேடம், போகப் போகச் சரியாயிடுவான்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

கேஸ் தீர்ந்தது. குக்கர் கைப்பிடியும் உடைந்தது. தினகர் இட்லி வாங்கப் போய் மூன்று கடை தள்ளி நின்று அரசியல் பேசிவிட்டு வந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

கபிலனைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது. தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறான். சுவர் பிழைத்தது. நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் எங்கே விட்டுப் போனேனோ அதே இடத்தில், கையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முன்பெல்லாம் குளியலறைக் கதவை உதைப்பான், இடுக்கில் விரலை நுழைப்பான். இப்போது ஆசுவாசமாகத் தலைக்கு ஊற்றிக்கொள்ள முடிகிறது. இரண்டே வாரம்!

படுக்கையை நனைக்கிறான். மழை ஆரம்பித்துவிட்டது, குளிர்தான் காரணம்.

ஜூலை 2, புதன்

மேடத்தின் அறையில் தளிர்வனம் தாளாளர் நாச்சிமுத்து வந்திருந்தார். வெள்ளை வேட்டி, முந்திரி இனிப்பு ஒரு பெட்டி.

"நம்ம பசங்கதான் மொதல்ல வந்திருக்காங்கன்னு மேடம் சொன்னாங்க. ரொம்ப சந்தோசமுங்க அம்மிணி" என்றார். அவருடைய அறக்கட்டளைக்கு இன்னும் நான்கு கிளைகள் இருக்கின்றன. ஆகஸ்டிலிருந்து எல்லாவற்றிலும் மௌன நேரம் கொண்டுவரப் போகிறார்களாம். சியாமளா மிஸ்தான் மற்ற ஆசிரியைகளுக்குப் பயிற்சி தரப் போகிறார். "பல்கலைக்கழகமே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிருச்சுன்னு போட்டுக்கலாமுங்களா?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஜூலை 25 அன்று துறையில் என் ஆய்வு முடிவுகளை வாசிக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடலாம், ஏழு வருட இழுபறி முடியும். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் டாக்டர் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

மௌன நேரத்தை ஒரு நாள் நேரில் பார்க்கலாமா என்று கேட்டேன். வெளியாள் உள்ளே வந்தால் பிள்ளைகள் கவனம் சிதறும் என்றார். நியாயம்தான். நான் சோதனை செய்ததுகூட அலுவலகத்தை ஒட்டிய தனி அறையில்தான். வகுப்பறையை நான் பார்த்ததே இல்லை.

ஜூலை 7, திங்கள்

மாலை குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. தினகர் வேலையிலிருந்து வரவில்லை. கதவைத் தட்டி, "கபி, பக்கத்து வீட்டு அத்தையக் கூப்பிடு கண்ணு" என்று கத்தினேன். சத்தமே இல்லை. வாசல் கதவு திறந்துதான் இருந்தது. நாலடி எடுத்து வைத்தால் பக்கத்து வீடு. எத்தனை கத்தினாலும் அவன் போகவில்லை. பையனுக்கு என்ன ஆயிற்றோ என்று இன்னும் பலமாகக் கதவைத் தட்டினேன். கடைசியில் வாளியால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு வந்தேன்.

கூடத்தில் உட்கார்ந்திருந்தான். கை முழங்காலில். உதடு வெளுத்திருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போயிருந்தான்.

எனக்கு வந்த கோபத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். "அம்மா உள்ள கத்துறேன், காது கேக்கலையாடா உனக்கு?"

அவன் அழவில்லை. என் நைட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நான் அசையவே இல்லம்மா."

பயந்து உறைந்துபோயிருக்கிறான் பாவம். கட்டிக்கொண்டு, சரி சரி, நல்ல பையன் என்றேன்.

தினகர் வந்து கேட்டுவிட்டு, தாழ்ப்பாளைப் பார்க்காமல் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் என்ன புள்ள இப்புடி ஆயிட்டான்? முன்ன ஒரு எடத்துல நிக்க மாட்டான்."

"வளர்றானுங்க. எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் அடங்கும்" என்றேன். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

யாஸ்மின் மதியம் என் மேசைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். 25ஆம் தேதிக்காகத் துண்டு வீடியோ வெட்டித் தரச் சொல்லியிருந்தேன். ஒன்றை நிறுத்த மறந்து எழுந்து போயிருக்கிறாள், அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது.

நாங்கள் மதிப்பெண் போடுவது எட்டாவது நிமிடம் வரைதான். நான் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் சோதனை முடிந்தது. அதற்குப் பிறகு பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்துக் குரங்கைக் காட்டி அனுப்புகிறவரை கேமரா ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க அதில் ஆய்வு எதுவும் இல்லை.

வீடியோவில் நான் உள்ளே வருகிறேன். சிறுமி நாற்காலியை விட்டு இறங்கவில்லை. குரங்கைப் பார்க்கவில்லை. "அக்கா, இப்ப தருணை விட்டுருவீங்களா?" என்கிறாள். நான் மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டே, "தருண் நாளைக்கு வருவான்மா" என்கிறேன். அவள் தேம்பித் தேம்பி அழுகிறாள்.

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று களக்குறிப்பில் எழுதியிருந்தேன்.

"அவ ஃபிரண்டு போல. அடுத்து அவன்தான்னு நெனச்சிருப்பா" என்றேன்.

"சரி. அப்ப இதப் பாரு."

இன்னொரு பையன். அவன் அனன்யா என்கிற பெயரைக் கேட்டான். இன்னொருத்தி வேறு பெயர். ஒரு பையன் எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக் கேமராவைக் காட்டி, "நான் ஆடலைல்ல?" என்றான். அதற்கு நான் "சூப்பர்டா தங்கம்" என்கிறேன். ஒவ்வொரு வீடியோவிலும் நான் சிரித்துக்கொண்டே மிட்டாய் கொடுக்கிறேன். என் சிரிப்பைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

"என்னமோ சரியில்ல சுகி. இதுங்க குரங்குக்காகப் பொறுத்திருக்கல. யாரையோ விடச் சொல்லிக் காத்திருக்கு."

எரிந்து விழுந்தேன். இரண்டு வாரத்தில் நான் முடிவுகளை வாசிக்க வேண்டும், நீ இப்போது வந்து துப்பறிகிறாயா என்றேன். அவள் லேப்டாப்பை மூடினாள். "கபிலன் அங்கதான படிக்கிறான்?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

பெட்டியையும் குரங்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கபிலன் இதைப் பார்த்ததே இல்லை. மேசைமேல் வைத்தேன். செல்போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து வீடியோ ஓடவிட்டேன். எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தூக்கிப் பார்த்துவிடு என்று வேண்டிக்கொண்டே நின்றேன். என் வாழ்க்கையில் ஒரு பிள்ளை துணியைத் தூக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அப்போதுதான்.

வெளியே வந்தேன். கை முழங்காலில். கண் செல்போன்மேல். என்னைக் கண்டதும் மூச்சு விட்டான்.

"உன்னை விட்டுட்டாங்களாம்மா?"

தரையிலேயே உட்கார்ந்தேன். யார் விட்டார்கள், எங்கிருந்து விட்டார்கள் என்று அடுக்கிக் கேட்க வாய் துறுதுறுத்தது. சின்னப் பிள்ளையிடம் அப்படிக் கேட்கக் கூடாது, நாம் வாயில் வைத்ததை அது சொல்லிவிடும் என்று நானே பாடம் எடுத்திருக்கிறேன். "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன். அவன் கொஞ்சங்கொஞ்சமாகச் சொன்னான்.

பாய் ரூம் என்று ஒன்று இருக்கிறது. மத்தியானம் படுக்கிற பாய்களைப் போட்டுவைக்கும் அறை, ஜன்னல் இல்லாதது. மௌன நேரத்தில் அன்றைக்குச் சேட்டை செய்த ஒரு பிள்ளையை மிஸ் அதற்குள் விட்டுக் கதவைச் சாத்துவார். மற்றவர்கள் அசையாமல் உட்கார வேண்டும். யாராவது அசைந்தால் மிஸ் திட்டமாட்டார், அடிக்கமாட்டார். "பாவம், இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருக்கட்டும்" என்பார். வெளியே போனாலும் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்பார். உள்ளே இருக்கிற பிள்ளை அழும். எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் இருப்பார்கள்.

"நான் அசைஞ்சுட்டேம்மா ஒருநாள். மூக்கு அரிச்சுது. மிதுனாவ விடவே இல்ல."

நான்கு வயது. மூக்கு அரித்ததற்கு இன்னும் அழுகிறான்.

குளியலறையில் நான் கத்தக் கத்த இவன் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அதற்குத்தான் முதுகில் அடித்தேன்.

ஜூலை 12, சனி

தினகர் பள்ளிக்கூடத்தைக் கொளுத்திவிட்டுத்தான் மறுவேலை என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினவரைப் பிடித்து நிறுத்தினேன். இன்று விடுமுறை, வாட்ச்மேனோடுதான் சண்டை போட வேண்டியிருக்கும் என்றேன்.

"நீ எதுக்கு நிறுத்தறேன்னு எனக்குத் தெரியும். உன் ஆராய்ச்சிக்கு மார்க்கு போட்டுக் குடுத்ததே அந்த ரூமுதான புள்ள?"

ஆய்வேடு எனக்கு ஞாபகம் வரவே இல்லை என்று எழுதினால் அது பொய்.

ஜூலை 14, திங்கள்

கபிலனை வீட்டில் நிறுத்திவிட்டோம். தினகர் விடுப்பு.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்து, நான் பயந்த அதே கேள்வியைக் கேட்டார்.

"நீ குழந்தையை எப்படிக் கேட்டம்மா? முதல் வார்த்தை யாருது?"

"அவனுதுதான் மேடம். உன்னை விட்டுட்டாங்களான்னு அவனா கேட்டான். வீடியோ இருக்கு."

"அம்மா கேட்டா குழந்தை அம்மாவுக்குப் புடிச்சதைச் சொல்லும். நீயே ஒரு கட்டுரையில எழுதியிருக்க. இதை வெச்சு ஒரு ஸ்கூலை எப்படி..."

"மத்த பிள்ளைங்க வீடியோ இருக்கு. அவங்களை யாரும் கேக்கவே இல்ல."

"அதை வெளிய காட்ட முடியாது. ஆராய்ச்சிக்கு மட்டும்னு சொல்லித்தான் பெத்தவங்க கையெழுத்து வாங்கினோம். காட்டினா உனக்கு மட்டும் இல்ல, துறைக்கே பேர் கெடும்." குரலைத் தாழ்த்தினார். "இருபத்தஞ்சாம் தேதி வாசிச்சு முடி. ஸ்கோர் பொய் இல்லையே? பையனை வேற ஸ்கூல்ல சேர்த்துடு. மத்ததை மெதுவாப் பாக்கலாம்."

மேடம் கெட்டவர் இல்லை. என் பிரசவத்துக்கு முதலில் ஓடிவந்தவர். அதனால்தான் இன்னும் வலிக்கிறது. "ஆகஸ்டுல இன்னும் நாலு கிளைல ஆரம்பிக்கிறாங்க மேடம். நாம சொல்லித்தான் ஆரம்பிக்கிறாங்க" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 16, புதன்

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். யாஸ்மின் கூட வந்தாள். போன வாரம் எரிந்து விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "முதல்ல தண்ணி குடி" என்றாள்.

அதிகாரி பெயர் அமுதவல்லி. என் வயதுதான் இருக்கும். கபிலனின் வீடியோவை மட்டும் காட்டினேன். அவனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான்தானே. பார்த்துவிட்டு இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

"நேர்ல போய்ப் பாக்குறேன் மேடம். ஆனா ரூம் இருக்குங்கறது மட்டும் போதாது. ஒரு பிள்ளையாவது வாயைத் திறந்து எங்ககிட்ட சொல்லணும். அப்பத்தான் நிக்கும்."

சாயங்காலத்துக்குள் செய்தி பள்ளிக்குப் போய்விட்டது. நாச்சிமுத்து போனில் வந்தார். "உங்க படிப்பே எங்க ஸ்கூல வெச்சுத்தானுங்களே அம்மிணி? நாங்க தப்புன்னா உங்க ஆராய்ச்சியும் தப்புதானுங்களே?" மரியாதை குறையாமல்தான் பேசினார். உண்மையைத்தான் சொன்னார்.

பெற்றோர் வாட்ஸப் குழுவில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு அம்மா எழுதியிருந்தார்: "என் பையன் இப்பத்தான் சொன்ன பேச்சுக் கேக்குறான். தயவு செஞ்சு கெடுத்துறாதீங்க." அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். போன மாதம் நானும் கைகூப்பியிருப்பேன்.

ஜூலை 17, வியாழன்

மேடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். தளிர்வனத்துப் பிள்ளைகளின் மதிப்பெண்கள் என் ஆய்வேட்டில் இருக்காது. அவை இல்லாமல் ஆய்வேடே இல்லை என்று அவருக்கும் தெரியும்.

தோசைக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

முழுவதையும் இன்றே எழுதிவிட வேண்டும்.

அமுதவல்லி காலையில் பள்ளிக்குப் போனார். புகார் கொடுத்தவள் என்று என்னையும், சொல்ல வேண்டியவன் என்று கபிலனையும் அழைத்திருந்தார். கபிலன் ஆட்டோவில் என் மடியில் விறைத்துக்கொண்டு வந்தான். நான் செய்வது சரியா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

முதன்முறையாக வகுப்பறைக்குள் போனேன். பளிச்சென்று இருந்தது. சுவரெல்லாம் பட்டாம்பூச்சி. மூலையில் பாய் ரூம். கதவு திறந்திருந்தது, உள்ளே புது பல்பு எரிந்தது, பாய்களுக்குப் பக்கத்தில் படக்கதைப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. சுவரில் பல்பு மாட்டிய இடத்தில் சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது.

"இது எங்க ரீடிங் கார்னருங்க மேடம்" என்றார் சியாமளா மிஸ், அதே மென்மையான குரலில்.

அமுதவல்லி அவரையும் நாச்சிமுத்துவையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் பேசினார். கதை சொன்னார், பொம்மை காட்டினார், தரையில் உட்கார்ந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாக் கையும் முழங்காலில். எல்லாக் கண்ணும் சுவர் மூலையில் இருந்த கேமராவில். தருண் யார் என்று நான் கேட்டதற்குக்கூட யாரும் கை தூக்கவில்லை. என் வீடியோக்களில் பார்த்த காட்சிதான். இத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது அந்த அமைதி காதை அடைத்தது. இதற்குத்தான் நான் முதலிடம் கொடுத்திருந்தேன்.

"கபிலன், அத்தைகிட்டச் சொல்றியா தங்கம்?" என்றார் அமுதவல்லி. அவன் தலையைக்கூட ஆட்டவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

அவனைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கேட்கவே கூடாது என்றுதான் நினைத்தேன். அவனாகவே என் காதில் வாயை வைத்தான்.

"சொன்னா உன்னை உள்ள வெச்சுருவாங்கம்மா. மிஸ் சொன்னாங்க. அப்புறம் எல்லாரும் அசைவாங்க. உன்னை விடவே மாட்டாங்க."

இல்லை கண்ணு, அதெல்லாம் பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன? அவன் அதைத் தினம் தினம் கண்ணால் பார்த்திருக்கிறான். ஒருவர் அசைந்தால் உள்ளே இருப்பவர் வெளியே வருவதில்லை. அவனைப் பொறுத்தவரை அது நிரூபணம் ஆன விஷயம். என் வாய்ச்சொல் எந்த மூலைக்கு?

திரும்ப உள்ளே போய் அவனை வகுப்பின் நடுவில் இறக்கிவிட்டேன். அமுதவல்லியிடம் ஒரு நிமிடம் என்றேன். பாய் ரூமுக்குள் போய்ப் பல்பை அணைத்தேன்.

"கபி, அம்மா உள்ள போறேன். நீ அசைஞ்சாலும் அம்மா வெளிய வந்துருவேன். பாரு."

கதவைச் சாத்திக்கொண்டேன். மை இருட்டு. பாய்களின் புழுக்கமும் பினாயிலும் மூத்திர வாடையும். என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. இதற்குள் அந்தப் பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். வெளியே ஒரு சலனமும் இல்லை. கதவைத் திறந்து வந்தேன். அவன் விட்ட இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அசையாததால்தான் அம்மா வந்தாள் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. சரியான தர்க்கம். சோதனை தோற்றது.

மறுபடி போனேன். "கபி, காலை மட்டும் ஆட்டு. ஒரே ஒரு தடவை." கதவிடுக்கில் காதை வைத்தேன். வெகுநேரம் கழித்து ஒரு ஷூ தரையில் உரசியது. உடனே வந்துவிட்டேன். அவன் தன் காலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். மற்ற பிள்ளைகளின் கண்கள் கேமராவை விட்டு என் பக்கம் திரும்பியிருந்தன.

வாசலிலிருந்து சியாமளா மிஸ், "மேடம், இது என்ன தமாஷுங்க, பசங்க பயப்படறாங்க" என்றார். அமுதவல்லி அவரைக் கையால் தடுத்தார்.

மூன்றாவது முறை போகும்போது அவன் உதடு துடித்தது. "கபி, ஓடு" என்றேன். "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. ஓடுறா."

கதவைச் சாத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவுதான், என் பிள்ளையை நான் இதிலிருந்து வெளியே எடுக்க முடியாது என்று நினைத்தேன். பாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது தப் தப்பென்று இரண்டு அடி. நின்றது. மறுபடி நான்கு அடி. அப்புறம் அவன் ஓடினான். பெஞ்சு ஒன்று இழுபட்டது. யாரோ ஒரு பெண் பிள்ளை வீலென்று கத்தினாள், அழுகையா சிரிப்பா தெரியவில்லை. இன்னொரு ஜோடிக் கால்கள், அதன் பின்னால் இன்னும் கால்கள். "உக்காருங்க! உக்காருங்க எல்லாரும்!" அந்த மென்மையான குரல் கீச்சிட்டது. ஒரு பையன் அதையும் மீறிக் கத்தினான்: "அத்தை, என்னைத்தான் இதுக்குள்ள வெச்சாங்க! நான் தருண்!"

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். கபிலன் ஓடிக்கொண்டே என்னைப் பார்த்தான், நிற்கவில்லை.